உரிமையாளரே விற்கிறார்

வீடு விற்க நினைப்பவர்கள் முதலில் ஒட்டடை அடிக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் தரையைப் பார்ப்பதில்லை, தலையைத் தூக்கி உத்தரத்தைத்தான் பார்க்கிறார்கள். இது எனக்கும் முதலில் தெரியாது. நாலைந்து பேர் வந்து போன பிறகுதான் பிடிபட்டது.

நீங்கள் முறையாகச் சொல்லச் சொன்னதால் முறையாகவே சொல்கிறேன், மேடம். பெயர் கோமதிசங்கர். வயது அறுபத்தொன்று. முப்பத்து நான்கு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் கை வழியாகப் போன பத்திரம் எதிலும் ஓர் அடித்தல் திருத்தலைக்கூட ஓரத்தில் கையெழுத்து வாங்காமல் விட்டதில்லை. நான் பொய் சொல்வதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, எனக்குப் பொய் ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான்.

கொக்கிரகுளத்தில் என் வீடு ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே முன்னறை, இரண்டு படுக்கையறை, அடுக்களை. முன்னறையில் ஒரு மரக்கதவு. அதைத் திறந்தால் மாடிப்படி. படி ஏறினால் குளியலறையோடு ஓர் அறை, ஆற்றைப் பார்த்த கம்பி போட்ட சன்னல். முன்பு கல்லூரிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம், அதனால் படிக்கதவுக்குத் தாழ்ப்பாள் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்கழி வெள்ளத்தில் கீழ்வீடு முழுக்கத் தண்ணீர். அந்தப் படிக்கதவின் அடிப்பலகை ஊறி உளுத்துப்போனதால் ஆசாரி ஒரு சாண் அளவுக்கு அறுத்து எடுத்துவிட்டார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுத் தட்டு அந்த வழியாகத்தான் போனது.

என் மனைவி பிரம்மநாயகி கார்த்திகையிலிருந்து கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். பேரப்பிள்ளையை விட்டு வர முடியவில்லை, வரவும் மனமில்லை. வீட்டை விற்றுவிட்டு நானும் அங்கேயே போய்விடுவதென்று முடிவானது. "ஒரு புரோக்கர்ட்ட சொல்லிட்டு வந்து சேருங்க, இழுத்துக்கிட்டே கெடக்காதீங்க" என்றாள் போனில்.

முப்பத்து நான்கு வருடம் புரோக்கர்களைப் பார்த்தவன் நான். வாங்குகிறவரிடம் ஒரு விலை, விற்கிறவரிடம் ஒரு விலை, இரண்டு பேரிடமும் ஒரே சிரிப்பு. தகரப் பலகை ஒன்று வாங்கி நானே எழுதி வாசலில் மாட்டினேன். 'வீடு விற்பனைக்கு. உரிமையாளரே விற்கிறார். புரோக்கர்கள் அணுக வேண்டாம்.' மறுநாள் வந்த பதினோரு போன் அழைப்புகளும் புரோக்கர்களிடமிருந்து.

நிஜமாகவே வாங்க வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு நான் எல்லாவற்றையும் காட்டினேன். முன்னறைச் சுவரில் வெள்ளம் நின்ற கோடு நெஞ்சு உயரத்துக்குப் பழுப்பாக ஓடுகிறது. சுண்ணாம்பு அடிக்காமல் அப்படியே வைத்திருந்தேன். ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்த ஓய்வு பெற்ற தம்பதியர், சுவரில் அது என்ன கோடு என்று கேட்டார்கள். வெள்ளக் கோடு என்றேன். இனிமேலும் வருமா என்று அந்த அம்மா கேட்டார். ஆறு அங்கேதானே இருக்கிறது, வரும் என்றேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். தெற்குச் சுவரின் விரிசலை அவர்கள் பார்க்கவில்லையே என்று வாசல்வரை போய்க் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. இப்படி ஏழு பேர்.

எட்டாவதாக வந்தவர்தான் தாணுமாலையன். தை மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை, நெற்றியில் பளிச்சென்று திருநீறு. குடும்பத்தோடு குடிவர ஆற்றோரமாக வீடு தேடுவதாகச் சொன்னார். செல்போனில் சார்ஜ் இல்லை என்று என் மேசையிலேயே செருகி வைத்தார். ஒவ்வோர் அறையையும் பார்த்து, கோட்டையும் பார்த்து, "நல்லாருக்கு அண்ணாச்சி, நல்லாருக்கு" என்றார். அப்படிச் சொன்ன முதல் ஆள். மனசு குளிர்ந்து காப்பி போட அடுக்களைக்குப் போனேன்.

காப்பியோடு வந்தபோது கிழக்குச் சுவரில் இரண்டு முழம் நீளத்துக்குக் கோட்டைக் காணோம். அவர் துணிப்பையிலிருந்து ஒரு சிறிய பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் எடுத்து வைத்துக்கொண்டு, நாக்கைத் துருத்தியபடி தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யுதீய?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இத வச்சுக்கிட்டு நீங்க நாப்பது வருசமானாலும் விக்க முடியாது. நமக்குத் தொழிலே இதுதான். கமிசன் ஆளுக்கு ரெண்டு சதம், முடிச்சுத் தாரேன். வெள்ளம்னு யாரும் கேட்டா இந்தத் தெருவுக்கு வரலன்னு சொல்லிருங்க."

எனக்குக் கோபம் வரவில்லை, மேடம். அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் யோசித்தது இவ்வளவுதான்: கோட்டை மறுபடி வரைய வேண்டும். அதுவரை இந்த மனிதர் பிரஷோடு இங்கே நிற்கக் கூடாது.

"மாடியப் பாத்தாச்சா?" என்று கேட்டேன். அது கேள்வி. கேள்வியில் பொய் கிடையாது. அவர் படியேறிப் போனார். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டையும் மாட்டினேன்.

ஒரு மணி நேரத்தில் திறந்துவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் புதுப் பெயிண்டின் மேல் பழுப்பு பிடிக்கவில்லை. காப்பி டிகாஷனை மூன்று தடவை பூசிப் பார்த்தேன், செம்மண்ணைக் கலந்தேன், நூல் பிடித்து வரைந்தேன். முடிந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வீடு பார்க்க இன்னொருவர் வருவதாக இருந்தது. இவரை வெளியே விட்டால் தெருமுனையில் நின்று அவரைப் பிடித்துக்கொள்வார். அவர் வந்து போகட்டும் என்று விட்டேன். அவர் வந்து போனார். அதற்கடுத்த நாள் வேறொருவர்.

நான் ஆளை மறைத்து வைத்ததாக முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அது மட்டும் சரியில்லை. நான் யாரிடமும் மறைக்கவில்லை. முதல் நாளே பக்கத்து வீட்டு மந்திரமூர்த்தி மதிலுக்கு மேலாக எட்டி, "என்ன வே, மாடியில ஒரே சத்தமா இருக்கு?" என்று கேட்டார்.

"ஒரு புரோக்கர அடைச்சு வச்சிருக்கேன்" என்றேன்.

அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாந்திநகரில் மனை வாங்கியபோது புரோக்கரிடம் பட்ட பாட்டை அரைமணி நேரம் சொல்லிவிட்டு, "தொறந்துராதேயும்" என்றார். தாணுமாலையன் மாடிச் சன்னலில் நின்று ஆற்றில் குளிப்பவர்களைப் பார்த்துத் துண்டை ஆட்டினார். அவர்களும் துண்டை ஆட்டினார்கள்.

அவர் மனைவி வேணி அன்றே போன் செய்தாள். போன் மேசையில் இருந்ததால் நான்தான் எடுத்தேன்.

"அவ்வொ இருக்காவளா?"

"எங்க வீட்டு மாடியில இருக்காரும்மா."

"எப்ப வருவாவ?"

"வீடு முடிஞ்சாத்தான்."

"முடிச்சுட்டே வரட்டும் அண்ணாச்சி. மூணு மாசமா ஒண்ணும் அமையல, வீட்டுல மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தாவ. சுகர் மாத்திரைய மட்டும் எடுக்காமப் போயிட்டாவ."

மாத்திரையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, மருந்துக் கடையில் வாங்கி, காலையும் மாலையும் தட்டின் ஓரத்தில் வைத்தேன். சர்க்கரை வியாதிக்காரர் என்பதால் இரவுக்குக் கோதுமைத் தோசை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொதி வைத்தேன், இஞ்சித் துவையலோடு. தட்டு எப்போதும் காலியாகத்தான் திரும்பி வந்தது. இரண்டாம் நாள் வரைக்கும் கத்தினார். மூன்றாம் நாள் கெஞ்சினார். நான்காம் நாள் கதவுக்குப் பின்னால் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு எத்தன பார்ட்டி வருது?" என்று கேட்டார்.

அர்ஷியா ஏழாம் நாள் வந்தாள். மேலப்பாளையத்துப் பெண், பல் டாக்டர். கீழே கிளினிக்கும் மாடியில் குடியுமாக இருக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். கோட்டைக் காட்டினேன். விரிசலைக் காட்டினேன். ஆவணியில் வரும் கொசுவைப் பற்றியும் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடுவது தெரிந்தது. அப்போது கணுக்கால் உயரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யம்மா, என்னைய இங்கன அடைச்சுப் போட்டிருக்காரு."

அர்ஷியா குனிந்து பார்த்தாள். கதவின் அடியில் பத்து விரல்கள் தெரிந்தன.

"யாரு சார் இது?"

"புரோக்கர்."

"புரோக்கர் வேண்டாம்னு வெளிய போர்டு போட்டிருக்கீங்க?"

"அதனாலதான் உள்ள வச்சிருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். யாரோ மச்சினன், விளையாட்டுக்காரர் என்று நினைத்ததாக உங்களிடம் சொல்லியிருக்கிறாளாம். நினைத்ததற்கு நான் என்ன செய்ய முடியும். நான் சொன்னது நிஜம். தொடர்ந்து, தண்ணீர் மறுபடி வந்தால் பல் பிடுங்கும் நாற்காலி மூழ்கிவிடும் என்றும் சொன்னேன். இதுதான் தாணுமாலையனுக்குப் பொறுக்கவில்லை.

"யம்மா, நாற்காலிய மாடிக்குக் கொண்டு போயிருங்க. நோயாளி ஆத்தப் பாத்துக்கிட்டே வாயத் தொறப்பான், வலியே தெரியாது. நான் ஏழு நாளாப் பாக்குதேன்லா. காத்துன்னா காத்து, அப்பிடி ஒரு காத்து. கீழ நீங்க குடியிருங்க. ஒரு முன்னறிவிப்பு வந்தா சாமானத் தூக்கிட்டு மேல வந்துருங்க. கீழ்வீட்டுக்குத் தரைய ரெண்டடி ஒசத்துங்க, அந்தச் செலவ விலையில கழிச்சுக்கிடச் சொல்லி நான் சாருட்டப் பேசுதேன்."

கை இரண்டும் கதவுக்கு அடியில் ஆடி ஆடிப் பேசின. அர்ஷியா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மாடியில் தண்ணீர் வேகம் எப்படி, மின்சாரம் போகிறதா, குளியலறையில் வழுக்குமா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. ஒரு வாரம் வாழ்ந்து பார்த்தவரின் பதில். நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. மூன்று வாரத்துக்குள் பத்திரம் என்று பேசி முடித்துவிட்டு அவள் போனாள்.

"நீரு எதுக்குவே பேசுனீரு?" என்று கதவுக்குப் பக்கத்தில் குத்த வைத்துக் கேட்டேன்.

"வீடு முடிஞ்சாத்தான விடுவேன்னு வேணிகிட்டச் சொன்னீரு. நான் முடிக்கணும்லா."

அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் வாய்ப்பேச்சு கிரயமாகாது. பத்திரம் பதிவாகும்வரை வீடு முடிந்ததாகச் சட்டப்படி சொல்ல முடியாது. அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அன்று சாயங்காலம் அவர் தட்டைத் தொடவில்லை.

பதினோராம் நாள் வேணியே வந்துவிட்டாள். ஒல்லியான பெண். ஒரு பையில் இரண்டு வேட்டி, பனியன், ஒரு தூக்குச்சட்டியில் உளுந்தங்களி. "என்ன அண்ணாச்சி, வேலைக்குப் போன மனுசன் போன்ல பேசக்கூட மாட்டேங்காவ" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு மோர் கொடுத்தேன். மத்தியானம் மூன்று மணி. தாணுமாலையன் சாப்பிட்டுவிட்டு மேலே தூங்கும் நேரம்.

இவளைத் திருப்பி அனுப்பினால், எதற்காகப் பார்க்க விடவில்லை என்று கேட்பாள். நிஜத்தைச் சொன்னால் இவள் சிரிக்க மாட்டாள், இவள் அவர் மனைவி. பொய் எனக்கு வராது. ஆகவே பூட்டைத் திறந்து, "மேல போயிப் பாத்துக்கோம்மா, பைய ஏறு, படி உசரம்" என்றேன். கையிலிருந்த செல்போனை மோர் தம்ளருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு ஏறினாள். மறுபடி பூட்டினேன். கணவனையும் மனைவியையும் பிரித்து வைப்பது எனக்கு முதலிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. அன்றோடு அந்த உறுத்தல் போய்விட்டது.

மேலே முதலில் அவள் அவரைத் தட்டி எழுப்பும் சத்தம். பிறகு அவள் அழும் சத்தம். பிறகு அவர் அவளைச் சமாதானப்படுத்தும் சத்தம். "அந்த டாக்டரம்மா வாங்கிரும்ட்டீ, பத்து நாளுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மஸ்கட்டில் இருக்கும் அவர்கள் மகன் மறுநாள் போன் செய்தான். அம்மாவும் அப்பாவும் எங்கள் வீட்டில் தங்கியிருப்பதாகச் சொன்னேன். ரொம்ப நன்றி அங்கிள் என்றான்.

அட்வான்ஸ் கொடுக்க அர்ஷியா வந்த அன்று வேணி கதவுக்கு அடியில் வந்து, "டாக்டரம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், தொறக்கச் சொல்லுங்க" என்றாள். அர்ஷியா என்னைப் பார்த்தாள்.

"உள்ள இருக்க அக்கா யாரு சார்?"

"புரோக்கர் சம்சாரம்."

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. ஆனால் கிளினிக்கில் யாரோ வாயில் பஞ்சோடு காத்திருப்பதாகப் போன் வந்தது. போய்விட்டாள். போகும்போது ஒன்று சொன்னாள்: "பத்திரம் முடிஞ்சாலும் இப்ப வர மாட்டேன் சார். நோன்பு ஆரம்பிக்குது. பெருநாள் கழிச்சுத்தான் வீட்டத் தொறப்பேன், இன்ஷா அல்லா." சரிம்மா என்றேன்.

பத்திர எழுத்தரிடம் நானே உட்கார்ந்து வாசகம் சொன்னேன். அவர் வழக்கம்போல 'காலியான நிலையில் சுவாதீனம் ஒப்புக்கொடுத்து' என்று டைப் அடித்திருந்தார். 'காலியான நிலையில்' என்பதை நீக்கச் சொன்னேன். ஏன் என்றார். மாடியில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றேன். வாடகைக்கா என்றார். இல்லை, புரோக்கரும் அவர் மனைவியும், அடைத்து வைத்திருக்கிறேன் என்றேன். அந்த அறையில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள், டீ கொண்டு வந்தவர் உட்பட. நான் சிரிக்கவில்லை. 'மாடி அறையில் இருவர் உள்ள நிலையில்' என்று எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன். அர்ஷியாவும் போட்டாள். அவசரத்தில் படிக்கவில்லை. இருபத்து நான்காம் நாள், மாசி, மத்தியானம் பன்னிரண்டரைக்கு வீடு கைமாறியது. அங்கேயே சாவிக்கொத்தைக் கொடுத்தேன். படிக்கதவுச் சாவியும் அதில் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் நோயாளிகள் இல்லாத நேரத்தில் அவள் பத்திரத்தை எடுத்து வாசித்திருக்கிறாள். அந்த வரிக்கு வந்ததும் உடனே காரை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்திருக்கிறாள். நான் ஜங்ஷனில் கோயம்புத்தூர் வண்டிக்காகக் காத்திருந்தேன். தயிர்ச்சாதப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது உங்கள் ஆட்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். பொட்டலத்தை முடிக்க விட்டார்கள்.

தாணுமாலையன் இப்போது அரசு ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், யாராவது கதவைச் சாத்தினால் நடுங்குவதாகவும் சொன்னீர்கள். வேணி வாய் திறந்து பேசுவதில்லை என்றீர்கள். கேட்க வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் வெளியே வந்ததற்குக் காரணம் நான் பத்திரத்தில் எழுதிய அந்த ஒரு வரி. வேறு யாராக இருந்தாலும் காலி வீடு என்று பொய்க் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

பத்திரம் முடிந்ததும் நானே ஏன் போய்த் திறக்கவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள், மேடம். பன்னிரண்டரைக்குப் பிறகு அது அர்ஷியாவின் வீடு. அடுத்தவர் வீட்டுக்குள் சொல்லாமல் நுழைந்து கதவைத் திறப்பது அத்துமீறல். அதற்கும் நீங்கள்தான் வழக்குப் போடுவீர்கள். காலையில் திறந்திருக்கலாமே என்றால், திறந்தால் நேராகப் பத்திர ஆபீசுக்கு வந்திருப்பார்கள். அன்று காலை வேணி கதவுக்கு அடியில் கையை நீட்டி என் காலைத் தொட்டு, "இன்னைக்கு முடிஞ்சிரும்லா அண்ணாச்சி, இன்னைக்கு விட்டுருவியள்லா?" என்று கேட்டாள். இன்றைக்கு முடிந்துவிடும் என்று சொன்னேன். முடிந்தது. கேள்வியின் இரண்டாவது பாதிக்கு நான் பதில் சொல்லவில்லை.

பெருநாளுக்கு ஐந்து வாரம் இருந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். ஆம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் கிளம்பினேன். மாத்திரை இரண்டு அட்டை வைத்தேன். ரொட்டியும் வாழைப்பழமுமாக இரண்டு பேருக்கு மூன்று நாளைக்குக் கணக்காக வரும்.

நான்காம் நாளைப் பற்றி வாங்கினவரிடம்தான் கேட்க வேண்டும், மேடம். அப்போது எனக்கும் அந்த வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.